டிகிரி படித்துக்கொண்டே யூஎக்ஸ் டிசைன் பழகுவது எப்படி? மதுரைப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு வழி

ஆப், வெப்சைட் போன்றவற்றை எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தும்படி அமைக்கும் யூஎக்ஸ் (யூசர் எக்ஸ்பீரியன்ஸ்) டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் பணம் கட்டி டிசைன் காலேஜில் சேர வழியில்லை என்பதற்காக அந்த ஆசையை விட்டுவிட வேண்டாம். டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் என்று ஒரு வழி இருக்கிறது. காலேஜில் பெயர் பதிந்திருக்கும். படிப்பின் ஒரு பகுதியைக் கம்பெனியில் வேலை பழகிக் கழிப்பீர்கள், அதற்கு மாதாமாதம் ஸ்டைபெண்ட் உண்டு. பிரிட்டனில் 2015-ல் வந்த முறை இது. அங்கே யூஎக்ஸுக்கென்றே தனி டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப்பும் இருக்கிறது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி இதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது.

படி 1: காலேஜில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

பிசிஏ, பி.எஸ்சி, பி.வொக், பி.டெஸ் என்று எதில் சேர்ந்தாலும், அட்மிஷனுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். அப்ரெண்டிஸ்ஷிப் எந்த செமஸ்டரில் வருகிறது? அதற்கு கிரெடிட் உண்டா? ஒப்பந்தம் நாட்ஸ் போர்ட்டலில் பதிவாகுமா? நாட்ஸ் என்பது மத்திய அரசின் தேசிய தொழிற்பயிற்சித் திட்டம். தென்மாநிலங்களுக்கான அதன் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. டிகிரி அப்ரெண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் விதியைத் திருத்தினார்கள். சேரும்போது நடப்புத் தொகையை போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்ரெண்டிஸ்ஷிப் தருகிறேன், அதற்கு இவ்வளவு கட்டு என்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சட்டப்படி அவர்கள்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும்.

படி 2: கம்ப்யூட்டரைத் திறக்காமல் ஒரு வேலையைக் கவனியுங்கள்

எல்லோரும் நேராக, ஸ்கிரீன் வரையும் கருவியான ஃபிக்மாவைத் திறந்து கலர் கலராக ஸ்கிரீன் வரைகிறார்கள். அது பின்னால் வரட்டும். யூஎக்ஸ் என்பது ஆள் திணறாமல் வேலையை முடிக்கும்படி ஒரு பொருளை அமைப்பது. அதனால் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும். அதற்கு மதுரையைப் போல வசதியான ஊர் இல்லை என்பேன்.

சாயங்காலம் மாசி வீதிப் பக்கம் ஒரு பூக்கடை அருகே, அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் நில்லுங்கள். ஒரு கையில் நார், ஒரு கையில் மல்லிகை. ஈரக் கையால் போனைத் தொட முடியாது. பணம் வந்துவிட்டது என்று சொல்ல ஒரு சவுண்ட்பாக்ஸ் இருக்கிறது. அது நல்ல டிசைன், ஏனென்றால் கண்ணையும் கையையும் கேட்காமல் காதுக்குச் சேதி சொல்கிறது. சரி, கூட்ட நேரத்தில் என்ன ஆகிறது? இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முழம் வாங்குகிறார்கள், இருவரும் ஒரே தொகையை அனுப்புகிறார்கள். பெட்டி ஒரு தடவைதான் பேசுகிறது. யாருடைய பணம் வந்தது? “நான் போட்டுட்டேன்க்கா” என்று இருவருமே போனை நீட்டுகிறார்கள். ஸ்கிரீனில் இருப்பது இங்கிலீஷ். பூக்கார அம்மா பச்சை டிக்கை மட்டும் பார்த்துத் தலையாட்டுகிறார்.

இதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். அப்புறம் பிரச்சினையை ஒரே வாக்கியமாக்குங்கள்: “ஒரே தொகை அடுத்தடுத்து வரும்போது, பூவிலிருந்து கண்ணை எடுக்காமலே, பணம் கொடுத்தது யார் என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டும்.” இந்த வாக்கியம் சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 3: பேப்பரில் வரைந்து, ஐந்து பேரிடம் சோதியுங்கள்

பென்சிலால் நாலைந்து யோசனைகள் வரையுங்கள். பணம் அனுப்பியவர் பெயரின் முதல் எழுத்தையும் பெட்டி சேர்த்துச் சொல்லலாமா? பணம் கொடுத்தவர் போனில் தமிழில் பெரிய எழுத்தில் தொகையும் நேரமும் காட்டலாமா? பெயரைச் சத்தமாகச் சொன்னால் வாங்க வந்த பெண்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்பதையும் யோசியுங்கள்.

சோதிக்கும்போது “நல்லா இருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: “நல்லா இருக்குப்பா.” உங்கள் மனம் நோகக் கூடாது என்று சொல்வார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வேலையைக் கொடுங்கள்: “இப்ப ரெண்டு பேர் பணம் அனுப்பிட்டாங்கன்னு வைங்க, யாருக்குப் பூ குடுப்பீங்க?” கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள். அவர் எங்கே தயங்குகிறார், விரல் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். உதவி செய்ய நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முதல் சுற்றுக்கு ஐந்து பேர் போதும். இத்துறையின் முன்னோடி ஜேக்கப் நீல்சன் 2000-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்: பெரும்பாலான தவறுகள் அந்த ஐந்து பேரிடமே வெளிப்பட்டுவிடும். திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் போகலாம்.

படி 4: இப்போது ஃபிக்மா

ஃபிக்மாவை இலவசமாகவே பழகலாம். பென்பாட் என்ற ஓப்பன் சோர்ஸ் கருவியும் இருக்கிறது. லேப்டாப் இல்லையென்றால் காலேஜ் லேபில் உட்கார்ந்து பழகுங்கள், பிரௌசர் இருந்தால் போதும்.

படி 5: போர்ட்ஃபோலியோவும் இன்டர்வியூவும்

போர்ட்ஃபோலியோ என்பது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. அதில் இருபது ஸ்கிரீன் காட்டுவதைவிட இப்படிச் செய்த இரண்டு மூன்று வேலைகள் மேல். நோட்டுப் பக்கத்தின் போட்டோ, பென்சில் படம், சோதனையில் எது தோற்றது, ஏன் மாற்றினீர்கள், எல்லாம் இருக்கட்டும். கடைக்காரரின் முகமும் பெயரும் வேண்டாம். இன்டர்வியூவில் “இந்த பட்டன் ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்பார்கள். “பார்க்க அழகாக இருந்தது” என்பவரைவிட, “மூன்று பேர் அங்கேதான் தேடினார்கள்” என்பவருக்குத்தான் இடம் கிடைக்கும். இங்கிலீஷ் தடுமாறினாலும் இந்தப் பதிலைச் சொல்லிவிடலாம்.

நீங்களும் ஒன்று கேளுங்கள்: “எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் டிசைனரா?” டிசைனரே இல்லாத கம்பெனியில் போஸ்டர் ஒட்டுகிற வேலைதான் கிடைக்கும்.

படி 6: சேர்ந்த பிறகு

வாரா வாரம் செய்த வேலையை எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். காலேஜ் மதிப்பெண் போடும்போது அந்த நோட்டு உதவும். அரியர் வைக்காதீர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே அதை முடிப்பது பெரும்பாடு. முதல் நாள் வேலைக்குக் கிளம்பும் முன், ஒப்பந்தத்தில் உங்கள் பெயர், வேலையின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி நான்கும் சரியாக இருக்கிறதா என்று நாட்ஸ் போர்ட்டலில் பார்த்து, ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.