கராத்தே கமாண்டோஸ் பொம்மைய தேடி வாங்கி, சுத்தம் பண்ணி, பத்திரமா வைக்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

1988 கோடை லீவுல நியூஜெர்சில இருந்து வந்த எங்க மாமா எனக்கு ரெண்டு சாமான் கொண்டு வந்தார். டிவில வந்த ஒரு கார்ட்டூன ரெக்கார்டு பண்ணின விஎச்எஸ் கேசட், அவர் பையன் விளையாடி முடிச்ச ஒரு தாடி வச்ச பொம்மை. கேசட்ட போட்டா படம் கறுப்பு வெள்ளையா உருண்டுக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா அது அமெரிக்காவோட டிவி முறையான என்டிஎஸ்சி டேப்பு, நம்ம வீட்டு டெக்கு நம்ம ஊர் முறையான பிஏஎல் (PAL), அப்போ எனக்கு அதெல்லாம் தெரியாது, அப்படியே உருள உருள உக்காந்து பாத்தேன். அந்த ஆள் என்ன கலர்னு பொம்மைய கையில வச்சு தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவர் பேர் சக் நாரிஸ், அமெரிக்க கராத்தே வீரர், சண்டைப்பட நடிகர். அந்த கார்ட்டூன் தான் கராத்தே கமாண்டோஸ்.

இப்போ நானும் அமெரிக்கால தான் இருக்கேன், ஞாயித்துக்கிழமை ஆனா பழைய சாமான் சந்தைக்கு போயிடுவேன். இந்த மாதிரி நிஜ ஹீரோ, நிஜ மல்யுத்த வீரர் முகத்த வச்சு வந்து சட்டுனு நின்னு போன கார்ட்டூன்களோட பொம்மைகள சேர்க்கிறேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நண்பர்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு.

ஸ்டெப் 1: ஒரே ஒரு வரிசைய எடுத்துக்கோங்க

எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்க ஆரம்பிச்சா கையில காசும் நிக்காது, வாங்கினது என்னன்னும் தெரியாது. 80கள்ல இருந்து 90கள் ஆரம்பம் வரைக்கும் என்னென்ன இருந்துச்சுன்னு சுருக்கமா சொல்றேன்.

நடிகர் மிஸ்டர் டிய வச்சு அவர் பேர்லயே வந்த கார்ட்டூன், 1983ல என்பிசி டிவில ஆரம்பிச்சது, மொத்தம் 30 எபிசோடு, அவர் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் டீமுக்கு கோச்சா ஊர் ஊரா போவார், கூடவே அவர மாதிரியே முடி வெட்டின டோசர்னு ஒரு புல்டாக். 1985ல சிபிஎஸ் டிவில ஹல்க் ஹோகனும் மத்த மல்யுத்த வீரர்களும் வர்ற கார்ட்டூன், ஆனா அதுல ஹோகன் குரல் ஹோகனோடது இல்ல, பின்னாடி காமெடி நடிகரா பெரிய பேர் வாங்கின பிராட் காரட் தான் பேசினார். அதே மல்யுத்த வீரர்கள எல்ஜேஎன் கம்பெனி 8 இன்ச் ரப்பர் பொம்மையா போட்டுச்சு, கையில எடுத்தா கல்லு மாதிரி கனம். (நம்ம ஊர்ல டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு வச்சு விளையாடின யாருக்கும் அந்த முகங்கள சொல்லித் தர வேண்டியதில்ல.) 1986ல ராம்போ, 65 எபிசோடு, பொம்மை போட்டது கோலிக்கோ. 1991ல மைக்கேல் ஜோர்டன், வெயின் கிரெட்ஸ்கி, போ ஜாக்சன்னு மூணு விளையாட்டு வீரர்கள சேத்து ப்ரோஸ்டார்ஸ், 13 எபிசோடோட சரி. அதே வருஷம் பாட்டுக்காரர் எம்.சி. ஹாமர வச்சு ஹாமர்மேன், அதுவும் 13 தான்.

புதுசா வர்றவங்களுக்கு நான் கை காட்டுறது சக் நாரிஸ் கராத்தே கமாண்டோஸ் தான். 1986ல ரூபி ஸ்பியர்ஸ் ஸ்டூடியோ எடுத்தது, பொம்மை கென்னர் கம்பெனி. மொத்த கார்ட்டூனும் அஞ்சே அஞ்சு எபிசோடு. பொம்மை லிஸ்டும் சின்னது, அதனால முழு செட்டு சேர்க்கிறது நடக்கிற காரியம். ராம்போவுக்கு போனீங்கன்னா ஒவ்வொரு ஆளுக்கும் துப்பாக்கி, பெல்ட்டு, கத்தின்னு சின்னச் சின்ன சாமான் அவ்வளவு இருக்கு, ஆரம்பத்துலயே மலைச்சுப் போயிடுவீங்க.

ஸ்டெப் 2: வாங்குறதுக்கு முன்னாடி கார்ட்டூன பாருங்க

இத தாண்டிப் போயிடாதீங்க. அஞ்சு எபிசோடும் சேத்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். ஒவ்வொண்ணோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் சக் நாரிஸ் நிஜமாவே வந்து நிப்பார், வரைஞ்ச படம் இல்ல, ஆளே வருவார், வந்து அன்னைக்கு கதையில என்ன கத்துக்கணும்னு பசங்ககிட்ட பேசுவார். மிஸ்டர் டியும் அப்படித்தான். எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த இடம் தான், எந்த ரோபோ பொம்மைக்கும் கிடைக்காத பாக்கியம் அது, அடிச்சு உதைச்சு முடிச்சிட்டு அந்த மனுஷனே வந்து நம்மள பாத்து பேசுறார்.

பாக்கும்போது ஒரு நோட்டுல ஆளுங்கள குறிச்சுக்கோங்க. சக் கூட சாமுராய் கிமோ, சுமோ வீரர் தாபே, சிஷ்யப்பிள்ளை ரீட், மெஷின் சமாச்சாரம் எல்லாம் தெரிஞ்ச பெப்பர், டூ மச்னு ஒரு சின்னப் பையன். எதிர்ல வல்ச்சர்னு ஒரு கூட்டம், அதுக்கு தலைவன் க்ளா, அவனுக்கு அடியாள் சூப்பர் நிஞ்சா.

இவ்வளவு கார்ட்டூன் ஏன் திடீர்னு கிளம்புச்சுன்னா, 1984ல டிவி, ரேடியோவ கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசி, குழந்தைங்க ப்ரோகிராம்ல விளம்பரத்துக்கு வச்சிருந்த கட்டுப்பாட எடுத்துடுச்சு, உடனே பொம்மை கம்பெனியும் கார்ட்டூன் கம்பெனியும் கை கோத்துக்கிச்சு. ராம்போவுக்கு ஏன் சரியா 65 எபிசோடுன்னு கேட்டா, வாரத்துக்கு அஞ்சு நாள் வீதம் 13 வாரம், அது தான் அப்போ லோக்கல் ஸ்டேஷன்களுக்கு விக்கிற கணக்கு. 17 வயசுக்கு கீழ இருக்கிறவங்க பெரியவங்க துணையோட தான் பாக்கணும்னு ஆர் சர்டிபிகேட் குடுத்த படத்தோட ஹீரோ சாயங்காலம் பசங்க கார்ட்டூனா வந்தப்போ பெத்தவங்க கோபப்பட்டதும் நியாயம் தான். பெகி சாரன்ங்கிற அம்மா ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இந்த மாதிரி விளம்பரங்கள எதிர்த்து பல வருஷம் போராடுச்சு, 1990ல சட்டமே வந்துச்சு, வார நாள்ல மணிக்கு 12 நிமிஷம், சனி ஞாயிறுல பத்தரை நிமிஷம், அதுக்கு மேல விளம்பரம் கூடாதுன்னு. அந்த சட்டம் சரின்னு தான் நானும் சொல்வேன், அதுக்காக இந்த பொம்மை மேல இருக்கிற பாசம் குறையல.

ஸ்டெப் 3: எது வந்துச்சு, எது வரலன்னு தெரிஞ்சுக்கோங்க

சக் நாரிஸ் மட்டும் மூணு விதமா வந்தார்: பேட்டில் கியர், குங்ஃபூ ட்ரெயினிங் கியர், அண்டர்கவர் ஏஜென்ட். கிமோ, தாபே, ரீட் ஸ்மித் உண்டு. வில்லன் பக்கம் சூப்பர் நிஞ்சா, நிஞ்சா சர்ப்பென்ட், நிஞ்சா வாரியர்னு முகமூடி ஆளுங்க. வண்டி வேணும்னா கராத்தே கார்வெட்னு ஒரு கார். பெப்பருக்கு பொம்மை வரவே இல்ல, எனக்கு இன்னைக்கும் அது குறை தான், டீம்லயே புத்திசாலி அவ தான். அதனால யாராவது "ஒரிஜினல் பெப்பர்"னு வித்தா அது வீட்டுல செஞ்சது.

இதோட சேத்து ஒரு காமிக்ஸும் வந்துச்சு, 1987ல மார்வெலோட ஸ்டார் காமிக்ஸ்ல, நாலு இதழ். அதுல முதல் மூணு இதழ வரைஞ்சது யாருன்னு நினைக்கிறீங்க, ஸ்பைடர்மேன உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஸ்டீவ் டிட்கோ! பொம்மை வாங்குற சந்தையிலேயே பழைய காமிக்ஸ் பெட்டியும் இருக்கும், அதையும் ஒரு தடவ கிளறிப் பாருங்க.

ஸ்டெப் 4: போட்டோவ பாத்து வாங்குறது

மூணு வார்த்தை தெரிஞ்சா போதும். "லூஸ்"னா அட்டை இல்லாம பொம்மை மட்டும். "கம்ப்ளீட்"னா கூட வந்த ஆயுதம், சாமான் எல்லாம் இருக்கு. "கார்டட்"னா பிரிக்காத அட்டையோட. முதல் பொம்மை லூஸா வாங்குங்க, கையில எடுத்து திருப்பிப் பாத்தா தான் பழகும்.

விக்கிறவங்ககிட்ட நாலு போட்டோ கேளுங்க: முகம் கிட்டத்துல, முதுகு, கால் இணைப்பு, அப்புறம் கம்பெனி பேரும் வருஷமும் பொறிச்ச இடம். அந்த வருஷம் டிசைன் உரிமையோட வருஷம், அந்த பொம்மை அன்னைக்கு தான் செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. கை கால் உதைக்கிற ஆக்ஷன் வேலை செய்யுதான்னு ஒரு சின்ன வீடியோ கேட்டா இன்னும் நல்லது. நான் ஒரு தடவ கேக்காம "கம்ப்ளீட்"ங்கிற வார்த்தைய நம்பி ஒரு கிமோ வாங்கினேன், வந்து பாத்தா கூட இருந்த கத்தி வேற ஏதோ பொம்மையோடது, கைப்பிடிக்குள்ள நிக்கவே இல்ல. கேட்டதுக்கு பதிலே வரல.

ஸ்டெப் 5: சுத்தம் பண்றது

தேவையானது: வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், ரொம்ப மெத்துனு ஒரு பழைய டூத்பிரஷ், காது குடையுற பட்ஸ், மர டூத்பிக், பழைய பருத்தித் துணி.

பொம்மைய தண்ணிக்குள்ள முக்காதீங்க. இதுங்களுக்கு உள்ள ஸ்பிரிங் இருக்கு, தண்ணி உள்ள போனா துரு பிடிச்சிடும், அப்புறம் அந்த உதை திரும்ப வராது. மாமா குடுத்த பொம்மையவே நான் ராத்திரி முழுக்க ஒரு மக்குல ஊற வச்சுட்டேன், காலையில தண்ணி டீ கலர்ல இருந்துச்சு, அந்த கால் அதுக்கப்புறம் தூக்கின இடத்துலயே நின்னுடுச்சு. அதனால பிரஷ நனைச்சு, உதறிட்டு, அந்த ஈரத்துலயே தேய்ங்க.

முதல்ல முதுகு, அப்புறம் கை கால், கடைசியா கழுத்து மடிப்பு. கழுத்து மடிப்புல தான் முப்பது நாப்பது வருஷ அழுக்கு இருக்கும், கறுப்பா, எண்ணெய் பிசுக்கா, பசங்க கை வேர்வையும் வீட்டுத் தூசியும் சேந்து ஒரு கயிறு மாதிரி. டூத்பிக் முனைய பட்ஸ் பஞ்சால சுத்தி சோப்புத் தண்ணில தொட்டு அந்தப் பள்ளத்துல மெதுவா ஓட்டினீங்கன்னா அப்படியே நூலா கழண்டு வரும், அடியில இருக்கிற ப்ளாஸ்டிக் கலர் வெளிய தெரியும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே நான் அழுக்கு பொம்மையா பாத்து வாங்குறேன்.

நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீங்க, அசிட்டோன் பெயின்ட்ட மட்டும் இல்ல ப்ளாஸ்டிக்கையே கரைச்சிடும். வெள்ளையா விக்கிறாங்களே மேஜிக் ஸ்பாஞ்ச், அது மெல்லிசா ஒரு உப்புத்தாள் தான், பெயின்ட் இருக்கிற இடத்துல கூடாது. ஸ்டிக்கர் ஒட்டின இடத்துல தண்ணியே வேண்டாம்.

இனி முகம். முகத்துல காய்ஞ்ச துணியால ஒத்தி எடுக்கிறதோட நிறுத்திக்கோங்க. தாடி பெயின்ட் கொஞ்சம் உரிஞ்சிருந்தாலும், ஒரு புருவம் அழிஞ்சிருந்தாலும், நீங்களா பெயின்ட் வாங்கி அடிக்காதீங்க. மத்த பொம்மைல முகம்ங்கிறது யாரோ கற்பனை பண்ணினது, இதுல அப்படி இல்ல, உயிரோட இருந்த ஒரு மனுஷனோட சாயல 1986ல ஒரு சிற்பி இத்தனூண்டு தலைக்குள்ள கொண்டு வந்திருக்கார், தாடைய அந்த அளவுக்கு செதுக்கியிருக்கார், நம்ம பிரஷ் ஒரு தடவ பட்டா அது யாரோ ஒரு ஆளா ஆயிடும். நான் பாத்த நல்ல நல்ல பொம்மை எல்லாம் கெட்டது இந்த ஒரு காரணத்துனால தான்.

ஸ்டெப் 6: இறுகின மூட்டு, மஞ்சளான ப்ளாஸ்டிக்

கை திரும்பலன்னா பலம் குடுக்காதீங்க, ஒடிஞ்சிடும். ஹேர் ட்ரையர கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு சூடு காட்டுங்க, ப்ளாஸ்டிக் இளகும், அப்போ லேசா அசைங்க. மூட்டு லொடலொடன்னு ஆடுனா இப்போதைக்கு அப்படியே விடுங்க, சாய்ச்சு வச்சா நிக்கும்.

மஞ்சளானத ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீம் தடவி வெயில்ல வச்சு வெளுக்க வைக்கிற முறை ஒண்ணு இருக்கு. வேலை செய்யும், ஆனா கை பொசுங்கும், கிளவுஸ் கண்ணாடி எல்லாம் வேணும், சரியா தடவலன்னா திட்டு திட்டா ஆயிடும், சில வருஷத்துல மஞ்சள் திரும்பவும் வரும். முதல் பொம்மைல பண்ணவே வேண்டாம்.

ஸ்டெப் 7: வைக்கிற இடம்

நேர் வெயில் படாத அலமாரி. மெத்துனு இருக்கிற ரப்பர் பொம்மையையும் கெட்டி ப்ளாஸ்டிக் பொம்மையையும் ஒட்டி வைக்காதீங்க, ரப்பர்ல இருந்து எண்ணெய் மாதிரி ஒண்ணு கசிஞ்சு பக்கத்துல இருக்கிறத தின்னுடும், எல்ஜேஎன் பொம்மை வச்சிருக்கிறவங்க இத கண்டிப்பா கவனிங்க. சின்ன ஆயுதங்கள ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி கவர்ல போட்டு பேர் எழுதிடுங்க, கலந்துடுச்சுன்னா பிரிக்கவே முடியாது.

கடைசியா ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சின்ன அட்டை எழுதி கீழ வைங்க: பேர், கம்பெனி, வருஷம், எங்க இருந்து வந்துச்சு, என்ன குறை. அழகான கையெழுத்து எல்லாம் வேண்டாம், பென்சில் போதும். என்கிட்ட இருக்கிற முதல் அட்டை இப்படி இருக்கும்: "சக் நாரிஸ். கென்னர், 1986. மாமா குடுத்தது, 1988. வலது கால் இறங்காது."