மணலும் உப்பும்: கலவைகளைப் பிரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஏழாம் வகுப்பு ஆய்வகத்தின் ஓரத்தில் அமர்ந்து, பயிற்சிக்கு வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் மணலையும் உப்பையும் பிரித்துக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவையில் இருந்த கலவையின் மேல் அவர் குடத்துநீரைச் சாய்க்கத் தொடங்கியபோதே, அடுத்த நாற்பது நிமிடங்களில் என்னென்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் அதே நீரை அதே தாராளத்துடன் ஊற்றியவன் நான். அன்று மாலை அவரிடம் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். கைதவறிக் கண்ணாடிக் கருவிகளை உடைப்பது, வடிதாளைக் கிழிப்பது போன்றவற்றை ஒருமுறை செய்தவர் தாமே திருத்திக்கொள்வார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெளிவாக இருப்பதைத் தூயது எனக் கொள்வது

நிறமற்ற தெளிந்த நீர்மம் ஒன்றைக் காட்டி, இது தூய பொருளா கலவையா என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் தூய பொருள் என்றே விடையளிக்கின்றனர். உப்புக் கரைசலும் அவ்வாறே தெளிந்துதான் இருக்கிறது. எப்பகுதியை எடுத்தாலும் ஒரே இயைபுடன் இருப்பதால் அது ஒருபடித்தான கலவையே தவிர, தூய பொருள் அன்று. காற்றும் அத்தகையதே, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையும் அத்தகையதே. மறுபுறம், பார்வைக்கு ஒரே சீராகத் தோன்றும் பாலில் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் நீரில் பரவிக் கிடப்பதால், அது பலபடித்தான கலவையாகிய கூழ்மம். இருட்டறையில் ஒரு குவளை உப்புக் கரைசலின் ஊடாக டார்ச் ஒளியைச் செலுத்தினால் ஒளி செல்லும் பாதை தெரியாது. நீரில் சில துளிகள் பால் விட்டுச் செலுத்தினால் பாதை பளிச்செனத் தெரியும். இச்சோதனைக்கு இரண்டு நிமிடங்கள் போதும் என்றாலும், வகுப்பில் பலரும் இதைச் செய்வதில்லை.

கலவையின் வகையை முதலில் அறியாதவர் எல்லாவற்றுக்கும் வடிதாளையே நாடுவார். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் வாட்மேன் 1-ஆம் எண் வடிதாள், ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களையே நிறுத்தும். கரைந்துவிட்ட உப்பின் அயனிகளோ 1 நானோமீட்டருக்கும் சிறியவை. அதாவது அந்த 11 மைக்ரோமீட்டரில் பதினோராயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லாதவை. காபி ஃபில்டரின் மேல்தட்டில் தூள் தங்கிவிட, நிறமும் மணமும் சுவையும் டிகாக்ஷனோடு கீழே இறங்கிவிடுவதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தனியாக எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

நீரை அளவின்றி ஊற்றுவது

என் முதல் ஆண்டில் 10 கிராம் உப்பும் கைப்பிடி மணலும் கலந்த கலவையில், கண்ணளவாக 300 மில்லிலிட்டர் நீரை ஊற்றினேன். நீர் கூடுதலாக இருந்தால் உப்பு விரைந்து கரையும் என்று எண்ணினேன். வடிகட்டி முடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பீங்கான் கிண்ணத்திலோ 80 மில்லிலிட்டருக்கு மேல் பிடிக்காது. ஆகவே வற்ற வற்ற ஊற்றி, ஊற்ற ஊற்றக் காய்ச்சிக்கொண்டே இருந்தேன். மணியடிக்க ஏழெட்டு நிமிடங்களே இருந்தபோது விளக்கின் திரியை உயர்த்தினேன். குழம்பாகி நின்ற உப்பு, பொரியத் தொடங்கிய கடுகைப் போல் வெடித்துச் சிதறியது. என் சட்டையிலும் மேசையிலும் உப்புப் பொறிகள் தெறித்தன. முன்வரிசை மாணவி ஒருத்தியின் முன்கையில் சிறு கொப்புளம் எழுந்தது. பதற்றத்தில் ஈரத்துணியால் பிடித்துக் கிண்ணத்தை இறக்கியபோது அது ‘படக்’கென்று இரண்டாகப் பிளந்தது.

கிண்ணத்தின் விலையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மறுநாள் செய்முறைக் குறிப்பேடுகளைத் திருத்தியபோது, ஒரு மாணவன் முடிவு என்ற இடத்தில், நீரோடு சேர்ந்து உப்பும் ஆவியாகிவிட்டது என்று எழுதியிருந்தான். அவன் தான் கண்டதை நேர்மையாக எழுதியிருந்தான்; 10 கிராம் உப்பில் மிஞ்சியது அரைக் கரண்டி. உப்பு உருகுவதற்கே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், 100 டிகிரியில் கொதிக்கும் நீரோடு அது ஆவியாகாது, அதனால்தான் இந்த முறையே பயன்படுகிறது என்று விளக்க எனக்கு இன்னும் இரண்டு பாடவேளைகள் தேவைப்பட்டன. அவன் முழுவதும் நம்பினானா என்பது எனக்கு இன்றுவரை ஐயமே. எந்தப் பாடத்தை மெய்ப்பிக்கச் செய்தேனோ, அதற்கு நேரெதிரானதை என் சோதனை கற்பித்திருந்தது.

இத்தனைக்கும் கணக்கு மிக எளிது. அறை வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். ஆகவே 10 கிராமுக்கு 28 மில்லிலிட்டர் போதும், கலக்குவதற்கு வசதியாக 40 என்று வைத்துக்கொள்ளலாம். விரைந்து கரைய வேண்டுமெனில் உப்பைப் பொடித்துக்கொள்ள வேண்டும், கண்ணாடித் தண்டால் நன்கு கலக்க வேண்டும், நீரைச் சற்று வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். நீரை 100 டிகிரி வரை சூடாக்கினாலும் உப்பின் கரைதிறன் 39 கிராம் அளவுக்கே உயரும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இது தெரியாதவர்கள் சூடான உப்புக் கரைசலை ஆறவைத்துப் படிகத்துக்காகக் காத்திருப்பார்கள். குளிர்வித்தால் படிகம் தருவதற்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) போன்ற பொருள்கள் வேண்டும்; அது 20 டிகிரியில் 32 கிராமும் 60 டிகிரியில் ஏறத்தாழ 110 கிராமும் கரைவது.

மணலில் ஒட்டிய கரைசலை மீட்பதற்கும் அதிக நீர் வேண்டியதில்லை. மணல் 5 மில்லிலிட்டர் கரைசலைப் பிடித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். அதை ஒரே தடவையில் 10 மில்லிலிட்டர் நீரால் கழுவினால் ஒட்டிய உப்பில் மூன்றில் ஒரு பங்கு தங்கிவிடும். அதே நீரை ஐந்து ஐந்தாகப் பிரித்து இருமுறை கழுவினால் நான்கில் ஒரு பங்கே தங்கும். கரைக்க 40, கழுவ 10, ஆக மொத்தம் 50 மில்லிலிட்டர். நான் ஊற்றிய 300-ஐ ஆவியாக்க இதைப்போல் ஆறு மடங்கு வெப்பம் தேவை. ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 ஜூல் போதுமென்றால், கொதிநிலையில் அதை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். காலம் அனைத்தையும் விழுங்குவது இந்த இரண்டாவது எண்தான்.

சிறிதளவு நீர் எஞ்சியிருக்கும்போதே விளக்கை அகற்றிவிட்டால், கிண்ணத்தில் உள்ள சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அவசரமில்லாதவர்கள் கிண்ணத்தைக் கொதிநீர் முகவையின் மேல் வைத்து நீராவியில் சூடாக்கலாம், அல்லது தட்டில் ஊற்றி இரண்டு நாள் வெயிலில் வைக்கலாம். செய்முறைக் குறிப்புகளில் இன்றும் ‘போதுமான அளவு நீர் சேர்க்கவும்’ என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எவ்வளவு போதும் என்று தெரியாதவருக்காகத்தானே அந்தக் குறிப்பு எழுதப்படுகிறது?

எடுத்தவுடன் நனைத்துவிடுவது

இரும்புத்தூள், மணல், உப்பு மூன்றும் கலந்த கலவையில் காந்தத்துக்கே முதல் உரிமை. நீரை முதலில் ஊற்றினால் ஈர மணல் இரும்போடு ஒட்டிக்கொண்டு காந்தத்தோடு மேலே வரும். உப்புநீரில் கிடக்கும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கவும் தொடங்கும். இறுதியில் கிண்ணத்தில் கிடைப்பது பழுப்பேறிய உப்பு. உலர்ந்த கலவையைத் தாளில் மெல்லிதாகப் பரப்பி, காந்தத்தைப் பாலிதீன் உறைக்குள் போட்டு மேலே நகர்த்த வேண்டும். உறையின்றி வெறும் காந்தத்தை இறக்கியவர்கள், அதன் முனைகளிலிருந்து இரும்புத்தூளை விரலால் சுரண்டியபடி மீதிப் பாடவேளையைக் கழிப்பார்கள். இரும்புத் துகள்களின் இடையில் மணல் சிக்கி வருவதால் இரண்டு மூன்று முறை திரும்பச் செய்வது நல்லது.

பதங்கமாதலைத் தீயின் மேல் காட்டுவது

திண்மம் நீர்மமாகாமல் நேரே ஆவியாவதே பதங்கமாதல்; அதைக் காட்டப் பலரும் எடுப்பது கற்பூரம். அது எரியும் பொருள் என்பது பூசையறையில் எல்லோருக்கும் தெரிகிறது, ஆய்வகத்தில் மறந்துவிடுகிறது. கற்பூரமும் மணலும் கலந்த கிண்ணத்தை நேரடித் தீயில் வைத்தால் ஆவி தீப்பற்றக்கூடும். விளக்கை அணைத்துவிட்டு, முன்பே கொதிக்கவைத்த நீரின் மேல் கிண்ணத்தை வைத்து, கவிழ்த்த புனலின் குழாயைப் பஞ்சால் அடைத்து, புனலின் வெளிப்புறத்தில் ஈரத்துணியைச் சுற்றினால், உட்புறச் சுவரில் வெண்மையாகக் கற்பூரம் படியும். நவச்சாரம் எனப்படும் அம்மோனியம் குளோரைடைப் பயன்படுத்துவோர் அதை வலுவாகச் சூடாக்க வேண்டியிருப்பதால், சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். அது சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து, குளிர்ந்த இடத்தில் மறுபடி சேர்வது. இரண்டும் மூக்கையும் கண்ணையும் உறுத்தும் வளிமங்கள். உப்போடு கலந்த நவச்சாரத்தை நீரால் பிரிக்கவும் முயல வேண்டாம். 20 டிகிரியில் 100 மில்லிலிட்டர் நீரில் அதுவும் ஏறத்தாழ 37 கிராம் கரைந்துவிடும்.

பிரிபுனலின் மூடியைத் திறக்காமல் அடிக்குழாயைத் திருகுவது

எண்ணெய், நீர் போன்ற ஒன்றோடொன்று கலவாத நீர்மங்களைப் பிரிக்கும் புனல் இது. மேலிருந்து காற்று புகாவிட்டால் நீர் இறங்காது.

பிரித்தெடுத்த உப்பைச் சுவைத்துப் பார்ப்பது

ஆய்வகத்தில் எதையும், எப்போதும், யாரும் சுவைக்கக் கூடாது.

மைப்பிரிகையில் தொடக்கக் கோட்டைப் பேனாவால் போடுவது

தாளின் அடியை நீரில் தொடவைத்து மையின் நிறங்களைப் பிரிக்கும் இச்சோதனையில், பேனாக் கோடும் கரைந்து நீரோடு மேலே ஏறும். பென்சிலால் போடவும், மைப்பொட்டு நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

கடல்நீரை அடிவரை வற்றவிட்டு ‘இதுதான் உப்பு’ என்பது

ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள ஏறத்தாழ 35 கிராம் உப்புகளில் சோடியம் குளோரைடு 27 கிராம் அளவே. மீதியில் மக்னீசிய உப்புகள் பெரும்பங்கு. அனைத்தையும் வற்றவைத்தால் அனைத்தும் சேர்ந்தே படியும். ஒரு கலவையை இன்னொரு கலவையாக மாற்றியதாகவே அது முடியும். தூத்துக்குடி உப்பளங்களில் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்துவதன் காரணம் இதுதான். நீர் செறிவாகும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்பாத்திகளில் படிந்துவிடும். கடல்நீர் பத்தில் ஒரு பங்காகக் குறையும் கட்டத்தில் சோடியம் குளோரைடு படியத் தொடங்கும். உப்பை வாரிய பின் எஞ்சும் கசப்பு நீரை, அது முழுவதும் வற்றும் முன்பே வெளியேற்றிவிடுகிறார்கள். நீரின் செறிவைத் திரவமானியால் பார்த்துப் பார்த்தே இத்தனையும் நடக்கிறது.

வகுப்பில் இதைக் காட்ட இரண்டு கிண்ணங்கள் போதும். ஒன்றில் கடல்நீரை முற்றிலும் வற்றவிடுங்கள். மற்றதில் படிகங்கள் திரண்டு, சிறிது நீர் எஞ்சியிருக்கும்போதே அதை இறுத்துவிட்டு உலர்த்துங்கள். மழைக்காலத்து இரவு ஒன்றில் இரண்டையும் திறந்தே வைத்துவிட்டு, மறுநாள் காலை வந்து பார்த்தால், மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொண்டதால் முதல் கிண்ணத்து உப்பு கசிந்து நீர்விட்டிருக்கும்.