நான்கு அங்குலம் 0.4 அடி அல்ல

நாற்பது வயதுக்கு மேல் கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் கட்டுமான மேலாண்மை அசோசியேட் (இரண்டாண்டு) பட்டப்படிப்பில் சேர்ந்தேன். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. ஊரில் பத்து ஆண்டுகள் சைட்டில் நின்றவன் என்ற மிதப்பு கொஞ்சம் இருந்தது. எவ்வளவு பொருள், செலவு ஆகும் என்று கணக்கிடும் மதிப்பீட்டுப் பாடத்தின் முதல் பயிற்சியிலேயே அது இறங்கிவிட்டது.

20 அடிக்கு 30 அடி, 4 அங்குலக் கனத்தில் ஒரு தளம். எத்தனை கன கெஜம் கான்கிரீட் வேண்டும்? கால்குலேட்டரில் 0.4 என்று தட்டினேன். 240 கன அடி. ஒரு கன கெஜம் 27 கன அடி என்பதால் 27-ஆல் வகுத்தால் 8.89. சரியான விடை 7.41. நிஜ வேலையாக இருந்திருந்தால் ஏறக்குறைய ஒன்றரை கெஜம் வீண். மீட்டரில் பழகிய கை, புள்ளி வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டது.

பக்கத்து இருக்கையில் இருந்த தச்சர்தான் வழி சொன்னார்: அங்குலத்தை 12-ஆல் வகுக்க வேண்டும். 3 அங்குலம் 0.25 அடி, 6 என்றால் 0.5, 9 என்றால் 0.75. எட்டில் ஒரு பங்கு அங்குலம் கிட்டத்தட்ட 0.01 அடி. இதை நோட்டின் உள்ளட்டையில் எழுதி ஒட்டினேன். அதன்பின் அந்தப் பிழை வரவில்லை.

வரைபடத்திலும் ஒருமுறை சறுக்கினேன். பெரிய தாளுக்கானதை வீட்டில் சிறிய தாளில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளந்தேன். சுவர்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன. இப்போது எழுதியிருக்கும் அளவைத்தான் எடுக்கிறேன்.

சேதாரத்துக்கு எத்தனை விழுக்காடு சேர்ப்பது என்பதில் மட்டும் தச்சருக்கும் எனக்கும் இன்னும் வழக்கு ஓடுகிறது.