இரவில் எழும் முதியவர் விழாமலிருக்க

படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்தம் கால்களில் தங்கி, ரத்த அழுத்தம் இறங்கும், தலை சுற்றும். வயதானால் உடல் இதைச் சரிசெய்யத் தாமதமாகும். அதனால் படுத்தபடியே பாதங்களை 10 முறை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். பிறகு கட்டில் விளிம்பில் 2 நிமிடம் உட்காரட்டும். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியாவிட்டால் கட்டிலின் உயரம் அதிகம். எழுந்ததும் அசையாத எதையாவது பிடித்து நின்று, தலை தெளிந்த பிறகே நடக்க வேண்டும். சிறுநீர் அவசரத்தில் இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். படுக்கையருகே மூத்திரப் பாத்திரம் வைப்பதில் கூச்சமே வேண்டாம்.

கழிவறை வரை தாழ்வாகச் சிறு விளக்குகள். வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுங்கள்.

தலைசுற்றல் தொடர்ந்தால் 5 நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடியும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.