குளியலறையை இடிக்கும் முன் மொட்டைமாடிக்குப் போங்கள்

எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துக் கட்ட வேண்டும் என்பதை முடிவு செய்தது அம்மாவின் மணிக்கட்டு. ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு எழுந்தவர், வழவழப்பான பழைய டைல்ஸில் கால் வழுக்கி, துண்டு போடும் கம்பியைப் பிடித்தார். கம்பி கையோடு வந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரத்தில் வீட்டில் எல்லோருக்கும் குளியலறையைப் பற்றி ஒரு கருத்து பிறந்துவிட்டது. மகளுக்கு பாத்டப் வேண்டும். கணவருக்கு மழைபோலக் கொட்டும் அகலமான ஷவர். அம்மாவுக்கு ஒரு வாளி, ஒரு செம்பு, உட்கார ஒரு பலகை.

வீடு மடிப்பாக்கத்தில், 1996இல் கட்டியது. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு முதல் மாடியில் இருக்கிறோம். குளியலறை ஐந்தடிக்கு எட்டடி. சென்னையில் பாதிப் பேருக்கு இந்த அளவுதான் இருக்கும் என்பதால், நாங்கள் பட்டதை எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

முதலில் செய்யக் கூடாதது, நாங்கள் முதலில் செய்ததுதான்: கடைக்குப் போனது. கடையில் எந்தத் தொட்டியிலும் தண்ணீர் இருக்காது. எந்த ஷவரும் உங்கள் வீட்டு டேங்கிலிருந்து கொட்டாது. விற்பனையாளர் எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "வெள்ளையா, ஐவரியா?" வீட்டில் எத்தனை பேர், அவர்களில் முட்டி வலிக்காரர் யார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குச் சரியான இடம் மொட்டைமாடி.

ஒரு சாக்பீஸும் இருபது செங்கல்லும் எடுத்துக்கொண்டு போங்கள். நம் ஊரில் கிடைக்கும் சின்ன பாத்டப் ஏறத்தாழ ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். அதைத் தரையில் வரைந்தேன். தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து பதினெட்டு முதல் இருபத்திரண்டு அங்குலம் வரை இருக்கும். கோட்டின் ஒரு பக்கம் அந்த உயரத்துக்குச் செங்கல்லை அடுக்கினேன். மகள் கோட்டுக்குள் படுத்துப் பார்த்தாள். அவள் உயரத்துக்கு முழங்காலை மடக்காமல் படுக்க முடியவில்லை. அம்மா படியேறி வந்து பார்த்துவிட்டு, "என்னடி, பாடைக்கு அளவெடுக்கிறாயா?" என்று கேட்டார். பிறகு செங்கல் சுவரைத் தாண்டச் சொன்னேன். ஒரு காலைத் தூக்கினார். மறு கால் ஊன்றியிருக்க, கை காற்றில் எதையோ தேடியது. காய்ந்த தரையில், பட்டப்பகலில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே இப்படியென்றால், சோப்புத் தண்ணீரில் எப்படியிருக்கும்? எங்கள் வீட்டில் பாத்டப் பாதி தோற்றது அங்கேதான்.

அளவு விஷயத்தில் இன்னொரு பொறி உண்டு. ஐந்தடிச் சுவருக்கு ஐந்தடித் தொட்டி கச்சிதமாகப் பொருந்தும் என்று மனது கணக்குப் போடும். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு பக்கமும் இடத்தைத் தின்றுவிடும் என்பது நினைவுக்கு வராது. பழைய டைல்ஸைக் கொத்தாமல் அதன்மேலேயே புதியதை ஒட்டினால் இன்னும் போகும். என் தம்பி வீட்டில் தொட்டி வந்து இறங்கிய பிறகுதான் அறை ஒன்றரை அங்குலம் குறைகிறது என்று தெரிந்தது. சுவரை அரைத்துக் குடைந்து உள்ளே தள்ளினார்கள். குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். தொட்டியைச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். மாடிப்படி திரும்பும் இடத்தையும் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

இனி தண்ணீர். ஐந்தடித் தொட்டியில் நிம்மதியாக மூழ்க நூற்றைம்பது லிட்டராவது வேண்டும். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சமையல், துணி, கழிவறை எல்லாம் சேர்த்து 135 லிட்டர் என்று வைத்துத்தான் அரசாங்கம் குடிநீர்த் திட்டமே போடுகிறது. அதைவிட அதிகமான தண்ணீர் ஒரே முழுக்கில் சாக்கடைக்குப் போகும். வாளிக் குளியலுக்கு இரண்டு வாளி, முப்பது லிட்டர். ஷவர் இரண்டுக்கும் நடுவில். அது நீங்கள் எவ்வளவு நேரம் பாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அண்ணன் வீட்டில் பாத்டப் இருக்கிறது. ஆசை ஆசையாக வைத்தார்கள். முதல் மாதத்துக்குப் பிறகு அதில் போர்வை ஊறுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது விளிம்புவரை நிரம்பி நான் பார்த்தது 2019 ஜூனில். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த கோடை அது. லாரி எப்போது வரும் என்று தெரியாததால், வந்த அன்று டேங்க், டிரம், குடம், அண்டா எல்லாம் நிரப்பிவிட்டு மிச்சத்தைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தார்கள். செம்பால் மொண்டு மொண்டு நான்கு நாள் குளித்தார்கள். அதற்குள் இறங்க யாருக்கும் துணிவு வரவில்லை.

வெந்நீர்க் கணக்கையும் போட்டுவிடுங்கள். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். இருபத்தைந்து லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சுட்ட தண்ணீரை, 28 டிகிரிக் குழாய்த் தண்ணீருடன் 40 டிகிரிக்கு விளாவினால் சுமார் அறுபத்தாறு லிட்டர் கிடைக்கும். மார்கழியில் இன்னும் குறையும். ஆக நூற்றைம்பது லிட்டர் தொட்டிக்கு அதே கீசர் இரண்டு தடவைக்கு மேல் காய வேண்டும். இரண்டு கிலோவாட் கீசருக்கு ஒரு தடவை காய அரை மணி நேரம். இரண்டாவது ஈடு வருவதற்குள் முதல் ஈடு ஆறிப்போயிருக்கும். ஷவர் என்றால் ஒருவருக்குப் பதினைந்து லிட்டர் கீசரே போதும். ஒருவர் பின் ஒருவராக இருவர் குளிப்பதாக இருந்தால் இருபத்தைந்து வாங்குங்கள்.

மாடி வீட்டுக்காரர்கள் எடையையும் பார்க்க வேண்டும். நூற்றைம்பது லிட்டர் என்றால் நூற்றைம்பது கிலோ. ஆள், தொட்டி, அதைச் சுற்றிக் கட்டும் செங்கல் எல்லாம் சேர்ந்தால் முந்நூற்றைம்பது கிலோவைத் தொடும். அதுவும் ஒன்றேகால் சதுர மீட்டருக்குள். நம் நாட்டுக் கட்டட விதிப்படி குளியலறைத் தளத்துக்கு எடுத்துக்கொள்ளும் புழக்கச் சுமை, அதாவது தளத்தின் மேல் வந்து போகும் ஆள், பொருள் எடை, சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுதான். இதனால் தளம் உடனே இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் கீழ்வீட்டுக் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் தொட்டியைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் தெரிந்தது. பாத்டப்பின் மறுபாதியும் போயிற்று.

பாத்டப் வைக்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. இரண்டு குளியலறை இருந்து, நல்ல தண்ணீர் தட்டாமல் வந்து, வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அது ஒரு சந்தோஷம்தான். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் வீடு என்றால் நானே வைத்திருப்பேன். வைப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: தொட்டியைச் சுற்றிச் செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டி அடைக்கும்போது, வடிகுழாய் இருக்கும் பக்கம் கழற்றி மாட்டும்படி ஒரு சின்னக் கதவு விடச் சொல்லுங்கள். அழகு கெடும் என்று மேஸ்திரி மறுப்பார். விடாதீர்கள். அந்த இணைப்பு ஒரு நாள் கசியத்தான் செய்யும். கதவு இல்லையென்றால் தொட்டியையே உடைக்க வேண்டியிருக்கும்.

சரி, ஷவர் என்று முடிவாகிவிட்டது. மறுபடியும் மொட்டைமாடிக்கு வாருங்கள். இந்த முறை அளவு நாடாவோடு. டேங்கின் அடிப்பகுதிக்கும் ஷவர் தலைக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறதோ, அதுதான் உங்கள் அழுத்தம். அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொல்வார்கள்; பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். எங்கள் டேங்க் மூன்றடி மேடையில் இருக்கிறது. ஷவர் தரையிலிருந்து ஏழடி. இடைவெளி ஆறரை அடி, இரண்டு மீட்டர். அதாவது 0.2 பார். கணவர் ஆசைப்பட்ட பன்னிரண்டு அங்குல மழை ஷவரின் பெட்டியில் குறைந்தது ஒரு பார் வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அதை எங்கள் வீட்டில் மாட்டினால் மழை பெய்யாது, ஓலைக்கூரை ஒழுகும். கீழ்வீட்டில் இருப்பவருக்கு அதே டேங்கிலிருந்து கூடுதலாகப் பத்தடி கிடைக்கும். அவருக்கே அது போதாது.

பழைய குழாயில் ஒரு வாளியை வைத்து நேரம் பார்ப்பதும் நல்லது. எங்கள் பதினைந்து லிட்டர் வாளி நிரம்ப இரண்டு நிமிடம் ஆனது. பிரஷர் பம்பு வைத்தால் தீரும் என்றார் பிளம்பர். தீரும்தான், ஆனால் சுவருக்குள் இருப்பது இருபது, முப்பது வருடத்து இரும்புக் குழாய் என்றால், பம்பின் வேகத்தில் அது எங்கே கிழியும் என்று யாருக்கும் தெரியாது. குழாயை முழுக்க மாற்றிய பிறகுதான் பம்பு. நாங்கள் பம்பு வைக்கவில்லை. டேங்கிலிருந்து குளியலறைக்கென்று தனியாக ஒரு அங்குலக் குழாய் இறக்கி, நான்கு அங்குல ஷவர் தலை மாட்டினோம். சின்னத் தலை குறைந்த அழுத்தத்தில் நன்றாகவே கொட்டுகிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. இரண்டு மாதத்தில் துளைகளில் வெள்ளைப் பொருக்கு கட்டும். கட்டைவிரலால் தேய்த்தால் உதிரும்படி ரப்பர் துளை உள்ள ஷவராக வாங்கினால் வேலை மிச்சம். கண்ணாடித் தடுப்பும் அதே உப்பில் ஒரு மாதத்தில் மங்கிவிடும், தினமும் துடைக்க ஆள் இருந்தாலொழிய. நாங்கள் திரைச்சீலையோடு நிறுத்திக்கொண்டோம்.

இடம் மூன்றுக்கு மூன்றடி இருந்தால் நின்று குளிக்கலாம். மூன்றுக்கு நான்கு இருந்தால் முதுகு தேய்க்கலாம். எட்டடி அறையில் கதவுக்கு எதிர்க்கோடியை ஷவருக்கு ஒதுக்கினால், மற்ற ஐந்தடி காய்ந்து கிடக்கும். ஷவர் பகுதியின் தரையை மட்டும் ஒரு அங்குலம் தாழ்த்தி, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொன்னேன். வாட்டம் சரியா என்று பார்க்க மட்டப்பலகை வேண்டாம். ஒரு கோலிக்குண்டு போதும். நான்கு மூலையிலிருந்தும் உருட்டினால், தரையில் தண்ணீர் வடியும் வாயான நானி டிராப்பில் போய் விழ வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மூலைக் குண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டது. சிமென்ட் காயும் முன் பார்த்ததால் கொத்தனார் முணுமுணுத்துக்கொண்டே சரிசெய்தார். ஷவர் தரைக்குப் பெரிய டைல்ஸ் வேண்டாம்; அதில் வாட்டம் வளையாது. ஒரு அடி அல்லது அதற்கும் சின்னது, சொரசொரப்பானது. கடையிலேயே மாதிரி டைல்ஸில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தேய்த்துப் பாருங்கள். ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

அம்மா கேட்ட பலகை சுவரோடு சேர்ந்த திண்ணையாயிற்று. பதினேழு அங்குல உயரம், பதினைந்து அங்குல ஆழம், மேலே கிரானைட், தண்ணீர் வடிய முன்பக்கம் லேசான சரிவு. உட்கார்ந்தால் கைக்கு எட்டும் இடத்தில் பிடிகம்பி. கம்பியை டைல்ஸில் மாட்டாமல் சுவரில் மாட்ட வேண்டும். அதனால் டைல்ஸ் ஒட்டும் முன்பே இடத்தைக் குறித்து, அந்த இடத்துச் செங்கல் உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நட்டுவிட்டு, வீட்டிலேயே கனமான ஆள் தொங்கிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் அது கணவர். திண்ணைக்குப் பக்கத்தில் வாளிக்கென்று ஒரு குழாய், வாளி விளிம்புக்கு மேல் அரையடி உயரத்தில். ஷவர் வைக்கிறோமே என்று இந்தக் குழாயை விட்டுவிடுபவர்கள் பிறகு வருந்துகிறார்கள். எண்ணெய்க் குளியலுக்கு வாளிதான் வசதி; ஒரு கையில் சீயக்காய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஷவரைத் திறந்து மூட முடியாது.

இரண்டு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு தரையில் மட்டும் இல்லாமல், ஷவர் சுவரில் ஆறடி வரையாவது ஏற வேண்டும். காய்ந்ததும் டிராப்பை அடைத்து, தண்ணீர் தேக்கி நாற்பத்தெட்டு மணி நேரம் விட வேண்டும். எங்கள் மேஸ்திரி ஒரு ராத்திரி போதும் என்றார். இரண்டாம் நாள் மாலை கீழ்வீட்டு அம்மாள் வந்து, கூரையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் தெரிகிறது என்றார். டிராப்பைச் சுற்றி மறுபடி பூசினோம். அடுத்தது, சுவருக்குள் போகும் குழாய்களை மூடும் முன் அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு ஆணி அடிக்கவும் அந்தப் படம் வேண்டும்.

வேலை முடிந்து ஐந்து மாதமாகிறது. மகள் ஷவரில் நின்றுகொண்டு இன்னும் தொட்டியைப் பற்றிப் பேசுகிறாள். அம்மா மேல் ஷவரை இதுவரை ஒரு முறைகூடத் திறந்ததில்லை. திண்ணையில் உட்கார்ந்து, வாளியில் செம்பை விட்டு மொண்டு குளிக்கிறார். நீளக் குழாய் வைத்த கை ஷவர் மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. குளித்து முடித்ததும் அதைக் கையில் எடுத்து, தரையில் ஒட்டிய சீயக்காயை மூலை மூலையாகக் கழுவிவிட்டுத்தான் வெளியே வருகிறார்.