தன் தலையைத் தானே அரியும் வீரன்: நவகண்டச் சிற்பத்தைப் பார்க்கும் முறை

கோரமானவற்றை உற்றுப் பார்க்கும் ஆவலுக்காக யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த ஆவல் உடையவர்கள் அயல்நாட்டு எலும்பு மண்டபங்களின் படங்களைத் தேடிக்கொண்டிருக்க, நம் ஊர்க் காளி கோயில் வாசலிலும் ஏரிக்கரையிலும் தன் கழுத்தைத் தானே அரிந்துகொள்ளும் வீரனின் கல் கேட்பாரின்றி நிற்கிறது. போர்த் தெய்வமான கொற்றவைக்கு உடலின் ஒன்பது இடங்களை அரிந்து பலி கொடுப்பதை நவகண்டம் என்றும், தலையை மட்டும் கொடுப்பதை அரிகண்டம் என்றும் கூறுவர். வழக்கில் இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன.

கல்லின் முன் நின்றதும் முதலில் வாளைத்தான் பார்க்க வேண்டும். நடுகல் வீரனின் ஆயுதம் எதிரியை நோக்கி ஓங்கியிருக்கும். பல வேளைகளில் அவன் உடலில் அம்பு தைத்திருக்கும். உடன்கட்டை ஏறிய பெண்ணின் நினைவான சதிக்கல்லை, உயர்த்திய வளைக்கரத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். நவகண்டக் கல்லிலோ வாள் அதை ஏந்தியவனின் கழுத்திலேயே பதிந்திருக்கும். ஒரு கை குடுமியைப் பற்றியிருக்க மறு கை அரிவதாகவோ, இரு கைகளாலும் வாளைப் பிடரியில் அழுத்துவதாகவோ சிற்பி வடித்திருப்பான். கழுத்தில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இரண்டு கத்திகள் உள்ள கற்களும் உண்டு.

அடுத்துத் தலைமுடியைக் கவனியுங்கள். சில கற்களில் அது மேலே இழுத்து, வளைத்த மூங்கிலிலோ கழியிலோ கட்டப்பட்டிருக்கும். கழுத்து அறுந்ததும் கழி நிமிர்ந்து தலையை மேலே தூக்கிக்கொள்ளும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். பிறகு முகம். வலியின் சுளிப்பைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். திருவிழாவுக்குப் புறப்பட்டவனைப் போல ஆரமும் காதணியும் பூண்டு அவன் அமைதியாக நிற்பான். என்னைப் பொறுத்தவரை, இரத்தத்தைக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. இந்த நுட்பங்கள் உச்சி வெயிலில் தெரிவதில்லை. ஒளி சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ சென்றால், தேய்ந்த கல்லிலும் வாளின் கோடு எழுந்து நிற்கும்.

எல்லாச் சிற்பங்களையும் நிகழ்ந்த சாவின் பதிவாகக் கொள்ளக் கூடாது. மாமல்லபுரத்தின் திரௌபதி ரதத்துக்குள் கொற்றவையின் காலடியில் மண்டியிட்டுத் தலை அரியும் அடியவரும், புள்ளமங்கைச் சோழர் கோயிலில் துர்க்கையின் அருகே உடலை அரிந்து கொடுக்கும் வீரரும் தேவியின் திருவுருவ மரபைச் சேர்ந்தவர்கள். அவை குறிப்பிட்ட ஒருவரின் நினைவுக் கற்கள் அல்ல. தலை அறுந்த குறையுடல் கைகூப்பி நிற்பதாகக் கலிங்கத்துப்பரணி பாடுவதும் பரணிக்குரிய மிகையே. இவற்றுக்கு மாறாக, இன்று ஆந்திரத்தில் உள்ள மல்லத்தில் கிடைத்த, கம்பவர்மனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பல்லவர் காலக் கல்வெட்டு, ஒக்கொண்டநாகன் ஒக்கதிந்தன் பட்டைபொத்தன் என்பவன் படாரி என்னும் தேவிக்கு நவகண்டம் கொடுத்து, தலையை அறுத்துப் பீடத்தின் மேல் வைத்ததை அவன் பெயரோடு பதிவு செய்கிறது. ஆகவே சிற்பத்தின் அடியிலோ பக்கத்திலோ எழுத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். எழுத்து இல்லாவிட்டால், மன்னனின் வெற்றிக்காகக் கொடுத்த தலை, நோய் தீர நேர்ந்துகொண்ட பலி என்றெல்லாம் காரணம் கற்பிக்காமல் இருப்பதே நேர்மை. காணொளிக்காரர்கள் எந்தக் கல்லைக் கண்டாலும் மன்னனின் வெற்றி என்றே அடித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இக்கற்களில் பல இன்றும் எண்ணெயும் மஞ்சளும் பூசி வழிபடப்படுபவை. பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி அருகே செல்லுங்கள். அந்தச் சாமிக்கு அவர்கள் வழங்கும் பெயரையும் சொல்லும் கதையையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும், கம்பியால் சுரண்டுவதும் கல்லைக் கெடுக்கும். பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி எடுத்த படமே போதுமானது. கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி பயிற்சி பெற்றவர்களின் வேலை. பதிவாகாத கல் என்று தோன்றினால் உயரம், அகலம், முகம் பார்க்கும் திசை, ஊர்ப்பெயர் ஆகியவற்றுடன் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். வயலில் சாய்ந்து கிடந்தாலும் அதை நீங்களாக இடம் மாற்ற வேண்டாம்.