மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வாளி, மக் வைத்துக் குளிக்க வைப்பது எப்படி?

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது, கொடுத்த தாளில் குளியலைப் பற்றி இருந்தது ஒரே வரி: காயம் நனையக் கூடாது. சரி, நம் வீட்டு பாத்ரூமில் அதை எப்படிச் செய்வது? செய்து பழகியதை எழுதுகிறேன். காயத்தைவிட நான் பயந்தது வழுக்கி விழுவதற்குத்தான், அதனால் பாதிப் பதிவு நாற்காலியைப் பற்றியே இருக்கும்.

எப்போது குளிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாட்டர்ப்ரூஃப் டிரெஸ்ஸிங் என்றால் பெரும்பாலும் சில நாளிலேயே விட்டுவிடுவார்கள். சாதாரணக் கட்டு என்றால் தையலோ ஸ்டேபிள் பின்னோ எடுக்கும்வரை, அதாவது ஏறக்குறைய 10 முதல் 14 நாள், உடம்பைத் துடைத்துவிடுவதுதான்.

1. துடைப்பது

இரண்டு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒன்று சோப்புக்கு, ஒன்று அலசுவதற்கு. முகத்தில் தொடங்கிக் கீழே வாருங்கள். அந்தரங்க இடம் கடைசியில், தனித் துணியால், முன்னிருந்து பின்னாக. அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு இவற்றில் ஈரம் நின்றால் படை வந்துவிடும். கடையில் விற்கும் வாசனை ஈரத்தாள் (வெட் வைப்ஸ்) எனக்குப் பிடிக்கவில்லை. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டால் போதும்.

2. பாத்ரூமைத் தயார் செய்வது

கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும் என்று நினைப்போம். உட்கார்ந்தால் தாழ்வாக இருக்கும், எழும்போது புது மூட்டு முழுப்பாரத்தையும் வாங்கும். ஒரே மாடல் நாற்காலி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள். கொஞ்சம் உயரமும் கிடைக்கும், உறுதியும் கூடும். முதுகுப்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும். அடியில் ரப்பர் மேட் போடுங்கள். விரிசல் விட்ட நாற்காலி வேண்டவே வேண்டாம்.

வாளியைத் தரையில் வைக்காதீர்கள், குனிய வேண்டிவரும். ஒரு ஸ்டூல் மேல், ஆபரேஷன் ஆகாத கால் பக்கமாக வையுங்கள். ஹேண்ட் ஷவர் நல்லது என்பார்கள். எனக்கு வாளிதான். கீசர் தண்ணீர் திடீரென்று கொதிக்கக் கொதிக்க வரும், வாளியில் கலந்து முழங்கையால் சூடு பார்த்துவிடலாம்.

3. உள்ளே போவது

எங்களைத் திணறடித்தது இந்த இடம்தான். எங்கள் பாத்ரூம் தரை அறையைவிட ஒரு படி தாழ்வு. இறங்கும்போது முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். வெளியே ஏறும்போது நல்ல கால்தான் முதலில். அம்மா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைப்பார்.

பிறகு மெதுவாகத் திரும்பி, நாற்காலி விளிம்பு காலின் பின்பக்கம் தட்டும்வரை பின்னால் நகர வேண்டும். ஆபரேஷன் காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, கையைப் பின்னால் கொண்டுபோய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிறகே உட்கார வேண்டும். எழும்போதும் அந்தக் கைப்பிடியை ஊன்றித்தான் எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்தால் அது நம் மேலேயே சாயும். கதவை உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது.

4. குளியல்

உட்காரும்வரை தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். டிரெஸ்ஸிங் வாட்டர்ப்ரூஃப்தான் என்றாலும், அதன் மேல் சமையலறை கிளிங் ஃபிலிமை (உணவை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றி, டேப்பை அந்த ஃபிலிம் மேலேயே ஒட்டுவேன். வயதானவர்களின் தோலில் ஒட்டிப் பிய்த்தால் உரிந்துவிடும். இறுக்கிச் சுற்றக் கூடாது. மைக்ரோபோர் டேப் (கட்டுப் போடும் காகித டேப்) தண்ணீர் பட்டால் கழன்றுவிடும்.

தலைக்கு ஊற்றுவதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. துவட்டுவது

உட்கார்ந்தபடியே முழுக்கத் துவட்டி, உடையும் மாற்றிய பிறகே எழ வேண்டும். உள்ளாடையில் ஆபரேஷன் கால் முதலில் நுழையும், கழற்றும்போது கடைசியில் வரும். டிரெஸ்ஸிங் ஓரத்தில் ஈரம் இருந்தால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அப்படியே காயத்தைச் சுற்றியும் ஒரு பார்வை. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ டாக்டரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

பிற்சேர்க்கை: மகன் குளிக்க வைக்கும்போது அம்மா கூச்சப்படுகிறார் என்று ஒருவர் கேட்டிருந்தார். பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டிக்கொள்ளலாம், நம் ஊர் வழக்கம்தானே. ஆனால் நனைந்த பாவாடை காலைச் சுற்றிக்கொள்ளும். எழுவதற்கு முன் அதை மாற்றிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வி, காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று. கூடாது. முழுக்க மூடி ஆறிய பிறகு டாக்டர் சொன்னால் தழும்பின் மேல் எண்ணெய் தடவலாம். குளத்திலோ ஆற்றிலோ இறங்குவதும் அதற்கு அப்புறம்தான்.